நூற்று ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனைத் தாளிலிருந்து வந்தது. தாளின் மேல் மூலையில், வயதுக்குக் கீழே, யாரும் படிக்காத இடத்தில் ஒரு வரி இருந்தது. உயரம் 153 செ.மீ.

என் உயரம் 158.

அவ்வளவுதான் விஷயம். வித்தியாசம் ஒரு தீப்பெட்டி நீளம்தான் இருக்கும். இதற்கெல்லாம் ஒரு கதையா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, வண்டி பாதி தூரம் வந்த பிறகுதான் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

எனக்கு வந்திருப்பது ஸ்கிளீரோடெர்மா. லட்சம் பேரைக் கூட்டி வைத்தால் அதில் நாலைந்து பேருக்கு இருக்குமாம். தோல் தடித்து இறுகிப்போகும். தோலோடு நின்றால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். உள்ளே உறுப்புகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் திசுவும் சேர்ந்து இறுகும். உணவுக்குழாய் இறுகும், நுரையீரல் இறுகும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிறது என்று விளக்கம் சொல்வார்கள். காவல் நாய் வீட்டுக்காரனையே கடிப்பது மாதிரி என்று இதுவரை மூன்று டாக்டர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாய்தான் கிடைத்தது.

என் விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. நுனிகளில் ஆறாத புண். பேனா பிடிக்க முடியாது, கீபோர்டைத் தொட்டால் உயிர் போகும். அதனால் நான் சொல்கிறேன், வேறொருவர் தட்டுகிறார். எனக்கு ஒரு மூச்சுக்கு எட்டு வார்த்தை வரும், நல்ல நாளில் பத்து. வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முடிந்துவிட்டால் இருமல் வரும். இருமி முடிப்பதற்குள் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துவிடும். அப்படிப் பாதியில் நின்றவற்றை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். அதைப் பெரிய உத்தி என்று யாரும் பாராட்டிவிடாதீர்கள். அது

தட்டுகிறவர் என் கணவர். இரண்டு விரலால் தட்டுவார். அவருக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். போட்டதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பாவம், இலவச வேலை.

(பிழை இருந்தால் மன்னிக்கவும். — த.)

த என்றால் தட்டச்சுக்காரர். அவர் மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை செய்கிறவர். அந்தத் தாளை அச்சிட்டது அவர். அதில் 153 என்று போட்டதும் அவர்தான். இந்தக் கதை யாரைப் பற்றியது என்று இதுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

(சரி. — த.)

2

மூன்று தொடக்கங்கள் யோசித்தேன்.

முதலாவது: "வெள்ளைக் கோட்டு அணிந்த அந்த மனிதரின் கண்களில் இனம் புரியாத ஒரு சோகம் குடியிருந்தது."

(கோட்டு கிடையாது. நீலச் சட்டை. — த.)

சோகமும் கிடையாது. வேலை நேரத்தில் அவர் கண்ணில் இருப்பது எந்திரத்தின் திரை மட்டும்தான். இதைக் கிழித்துப் போட்டேன். அதாவது, அழிக்கச் சொன்னேன். அவர் அழிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது: "ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தபோது அவளுடைய மோதிர விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பிறகு நீலமானது. பிறகு சிவந்து எரிந்தது." இது உண்மை. எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்திலேயே நீங்கள் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அக்காவே என்னிடம் அப்படி இரக்கப்பட்டதில்லை. போன வருடம் வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏய், முகத்துல ஒரு சுருக்கம் இல்லையே, பத்து வயசு குறைஞ்சு போச்சுடி, என்ன தடவுற?" என்று கேட்டாள். தோல் இழுத்துக்கொண்டதில் சுருக்கம் எல்லாம் போயிருந்தது. வாயும் சேர்ந்து சுருங்கியிருந்தது, ஸ்பூனைக் குறுக்காக நுழைக்க முடியாது. சொன்னால் அழுவாள் என்று, "ஒண்ணும் தடவலைக்கா" என்றேன். பொறாமையோடு போனை வைத்தாள்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொண்டேன். அதில் நான் ஓரமாக வரும் ஓர் ஆள் மட்டும்தான். "அவள்" என்று வரும். நான்தான் என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள்.

3

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை ஊதுங்க சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருக்கிறது. காரணம், அந்த நடைவழியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே புரியும். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் வெளியே வரும். "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, ஊதுங்க!" வரிசையில் யாராவது இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனால்கூட வாயைத் திறக்காத மனிதர். அந்த அறைக்குள் போனதும் சந்தை வியாபாரி மாதிரி ஆகிவிடுவார்.

சன்னல் இல்லாத அறை. ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு எந்திரம், ஒரு திரை, சுவரில் உயரம் பார்க்கும் அளவுகோல். மூக்கைப் பிடித்து வைக்கும் கிளிப்புகள் ஒரு தட்டில். அட்டையில் செய்த ஊதுகுழல்கள் ஒரு பெட்டியில். காலையில் வந்ததும் மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கும் பெரிய சிரிஞ்சை எந்திரத்தில் மாட்டித் தள்ளுவார். எந்திரம் மூன்று என்று சொல்ல வேண்டும். இரண்டே முக்கால் என்றால் அன்றைக்கு யாரையும் உள்ளே விடமாட்டார். நோயாளிகள் கத்துவார்கள், நர்ஸ் கத்துவாள், அவர் பாட்டுக்கு எந்திரத்தைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருப்பார். "அது பொய் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி" என்பார்.

(மத்தியானமும் ஒரு தடவை சரிபார்ப்பேன். — த.)

மத்தியானமும் ஒரு தடவை சரிபார்ப்பார்.

அந்த மனிதரின் மனைவிக்குத்தான் இந்த நோய். இரண்டு வருடமாக மாத்திரை. மாத்திரையால் முடி போனது, பசி போனது, நோய் மட்டும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெரிய டாக்டரம்மா அவளைக் கிள்ளிப் பார்ப்பார். நிஜமாகவே கிள்ளல்தான். கன்னம், மார்பு, தோள்பட்டையிலிருந்து விரல்வரை, தொடை, பாதம் என்று மொத்தம் பதினேழு இடம். தோல் மடிப்பாக வந்தால் பூஜ்யம், அசையவே அசையாவிட்டால் மூன்று. டாக்டருக்கு டாக்டர் கிள்ளல் மாறுமாம், அதனால் எப்போதும் இவரேதான் கிள்ள வேண்டும். "பள்ளிக்கூடத்துலகூட இத்தனை கிள்ளு வாங்கினதில்லை டாக்டர்" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "இனி மாத்திரையை நம்பி உட்கார முடியாது. உங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல்லை எடுத்துப் பத்திரமா வச்சுக்குவோம். அப்புறம் கடுமையான மருந்து குடுத்து, உங்களையே தாக்குற எதிர்ப்புச் சக்தியை அடியோட அழிப்போம். எடுத்து வச்சதைத் திருப்பி ஏத்துவோம். புதுசா முளைச்சு வரும். சில பேருக்கு அதுக்கப்புறம் தோல் இளகுது. நுரையீரல் கீழ இறங்குறது நிக்குது."

"சில பேருக்குன்னா? மத்தவங்களுக்கு?" என்றார் ஊதுங்க சார்.

"சில பேர் சிகிச்சையிலயே போயிடறாங்க. அதனாலதான் ஒரு கோடு வச்சிருக்கேன். மூச்சுப் பரிசோதனையில நூத்துக்கு நாப்பத்தஞ்சு வரணும். அதுக்குக் கீழ இருந்தா நான் தொடமாட்டேன். அந்த மருந்தை அந்த நுரையீரல் தாங்காது. நோய் ரெண்டு வருஷத்துல செய்யப்போறதை நான் ரெண்டு வாரத்துல செஞ்ச மாதிரி ஆயிடும்."

அவர் தலையாட்டினார். அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாற்பத்தைந்தா, நாற்பத்து நாலா என்று சொல்லப்போகிறவரே அவர்தான்.

சொந்தக்காரர்களுக்குப் பரிசோதனை செய்யக்கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் அந்த அறையில் வேலை செய்யும் இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். டாக்டரம்மா ஒரு தாளில் "பரவாயில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

(பரவாயில்லை என்று எழுதவில்லை. அனுமதிக்கப்படுகிறது என்று எழுதினார். — த.)

பார்த்துக்கொள்ளுங்கள், இப்படித்தான். இருபது வருடமாக இந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறேன்.

அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கில் கிளிப்பை மாட்டினார். பெரியவர்களுக்கான ஊதுகுழல் அவள் வாய்க்குள் போகாது, உதட்டோரம் காற்று கசியும். அதைத் தெரிந்துகொண்டு குழந்தைகளுக்கான சின்னக் குழலை முந்தின நாளே குழந்தைகள் பிரிவில் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. மூக்கில் கிளிப்போடு அழுவது லேசான காரியம் இல்லை.

"அழாதே. அழுதா எண்ணு குறையும்" என்றார்.

பிறகு கத்த ஆரம்பித்தார். இருபது வருடத்தில் அவர் அவளைப் பார்த்துக் கத்தியது அன்றைக்குத்தான். "ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இருக்கு, ஊதுடி!" முதல் தடவை இருமிவிட்டாள். இரண்டாம் தடவை பாதியில் நின்றது. ஆறு தடவைக்கு மேல் ஊத விடக்கூடாது என்பது

(எட்டு. ஆறு அல்ல. — த.)

எட்டு தடவைக்கு மேல் ஊத விடக்கூடாது என்பது விதி. ஏழாவது ஊதலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்று புள்ளி ஒன்று நான்கு லிட்டர். அவர் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "போதும்" என்றார். திரையைத் தன் பக்கம் திருப்பினார். கீபோர்டில் மூன்று தட்டல் கேட்டது. அச்சு எந்திரம் ஓடியது.

நூற்றுக்கு நாற்பத்தேழு.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு சின்னப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எந்திரம் நீங்கள் ஊதியதை மட்டும் பார்ப்பதில்லை. இந்த வயதில் இந்த உயரத்தில் இருக்கும் ஒரு பெண் எவ்வளவு ஊத வேண்டும் என்று அதனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் நீங்கள் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் மதிப்பெண். உயரமான உடம்புக்குப் பெரிய நுரையீரல். அதனால் உயரத்தைக் குறைத்துப் போட்டால் எதிர்பார்ப்பு குறையும், மதிப்பெண் ஏறும். சாப்பாட்டு மேஜையில் அவர் தன் வேலையைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு இதெல்லாம் மனப்பாடம். உயரம் 153 என்றால் நாற்பத்தேழு. 158 என்றால் நாற்பத்து நாலுகூடத் தேறாது.

ஆகவே விஷயம் இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 153 உண்மை என்றால் நான் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. அது பொய் என்றால், என்னைப் பிழைக்க வைக்க ஆசைப்பட்டு என் கணவர் என்னைச் சாவுக்கு அனுப்புகிறார்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார், அதுதான் பயம். சொல்லிவிட்டால் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். திங்கட்கிழமை போய்விடும். எனக்குத் திங்கட்கிழமை வேண்டும். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. டப்பாவை நானே திறக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில்

கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் கதை சொல்கிறேன். அவர் தட்டுகிறார்.

(டீ போடவா? — த.)

இதைக்கூடத் தட்டித்தான் கேட்க வேண்டுமா? வேண்டாம். உட்காருங்கள்.

5

அந்த மூன்று தட்டலில் என்ன நடந்தது? எனக்கு மூன்று விதமாகத் தோன்றுகிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் விதம். திரையில் 43.8 என்று இருந்தது. ஊதுங்க சார் இருபது வருடமாக எத்தனையோ பேரின் எண்ணைப் பார்த்திருக்கிறார். குறைந்த எண் வந்தவர்கள் தாளை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கா சார்?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வாங்க" என்பதுதான் அவருடைய ஒரே பதில். இப்போது கூண்டுக்குள் மூக்கில் கிளிப்போடு அவருடைய மனைவி உட்கார்ந்து, அதே கேள்வியைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் உயரம் என்ற கட்டத்துக்குப் போனார். 158 என்பதை அழித்தார். காலையும் மத்தியானமும் சிரிஞ்சு வைத்து எந்திரத்தைச் சரிபார்க்கிற அந்த மனிதர், ஒன்று, ஐந்து, மூன்று என்று தட்டினார். மூன்று லிட்டரை இரண்டே முக்கால் என்று சொன்ன எந்திரத்தை அவர் ஒரு நாளும் மன்னித்ததில்லை. தன்னை மன்னித்தாரா என்று

காத்திருந்தேன். இதற்கு அடைப்புக்குறி எதுவும் வரவில்லை. முழுசாக, ஒரு எழுத்து விடாமல் தட்டினார். கோட்டின் நிறம் தப்பு என்று திருத்தியவர், எட்டா ஆறா என்று திருத்தியவர், இதைத் திருத்தவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பயம் வந்தது இந்த இடத்தில்தான்.

அதனால் அவசரமாக இரண்டாவது விதத்துக்குப் போனேன். அவர்மேல் குற்றமே இல்லாத விதம் அது, அவருக்காகவே செய்தது. அன்றைக்குக் காலையில் எனக்கு முன்னால் வந்தவர் குள்ளமான ஒரு பெண்மணி. உயரம் 153. அந்த விவரத்தை அழிக்காமலே அவசரத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார். பழைய உயரம் அப்படியே தங்கிவிட்டது. கைத்தவறு. மனைவியை உட்கார வைத்துப் பரிசோதிக்கும்போது யாருக்குத்தான் கை தவறாது? பாருங்கள், எவ்வளவு வசதியாக ஒரு கதவைத் திறந்து வைத்தேன்! நுழைந்து வெளியே போக வேண்டியதுதான் பாக்கி.

(அப்படி நடக்க வாய்ப்பில்லை. முந்தின ஆளின் விவரத்தை மூடாமல் அடுத்த ஆளைத் திறக்க எந்திரம் விடாது. மேலும் நான் அப்படி வேலை செய்வதில்லை. — த.)

கிழிஞ்சது போங்க.

சரி, மூன்றாவது. நான் நிஜமாகவே குறைந்துவிட்டேன். இடுப்பு, முழங்கால் எல்லாம் இறுகி, முதுகு முன்னால் வளைந்து, 158 என்பது என் நினைப்பில் மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் என்னை அளவுகோலடியில் நிறுத்தி அளந்தார், 153 என்று வந்தது, போட்டார். தூக்கி நிறுத்தியதாக ஒரு நினைவு இருக்கிறது. அது அளக்கவா, கூண்டுக்குள் உட்கார வைக்கவா என்று தெரியவில்லை. மூச்சுத் திணறலில் எனக்கு அந்த அறையே சரியாக நினைவில்லை.

(உடம்பு வளைந்தவர்களுக்கு உயரம் குறையும். அது உண்டு. — த.)

அப்பாடா என்றிருந்தது. ஒரு நிமிடம்தான்.

(அப்படிப்பட்டவர்களுக்கு நின்ற உயரத்தைப் போடக்கூடாது. நுரையீரல் பழைய உயரத்துக்கு வளர்ந்தது. இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து அதை வைத்துத்தான் போட வேண்டும். — த.)

"என் விரல் நிமிராதே" என்றேன், இதைக் கதைக்காகச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமா" என்றார். "உனக்கு விரலும் நிமிராது."

"அப்ப என்ன செய்யணும்? உங்க விதிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"புத்தகத்துல உன்ன மாதிரி ஆளுக்கு ஒண்ணும் போடலை."

6

ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன வேலை. இந்த ஆள் இப்படிப் பேசுவானா, இவ்வளவு சீக்கிரம் மனம் மாறுவானா என்று யோசித்துக்கொண்டே இருப்போம். பிடிக்காவிட்டால் வெட்டிவிடலாம். இந்தக் கதாபாத்திரம் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்ணைக் கசக்குகிறது. காலையில் என் விரல் புண்களுக்கு ஒவ்வொன்றாக மருந்து வைத்துக் கட்டியது. எனக்குப் பத்து விரல், அவருக்கு அரை மணி நேரம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை நான் ஆரம்பித்தபோது அவரைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எங்காவது ஓர் இடத்தில் விரல் தடுமாறும், அப்போது தெரிந்துவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் பிடிபடக்கூடாது என்று இருக்கிறது. என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்றால் அதற்காக நான் சாகலாம், ஆனால் அதற்கப்புறம் அவர் தினமும் காலையில் அந்தச் சிரிஞ்சை எப்படித் தள்ளுவார்? எந்திரம் மூன்று என்று சொல்லும். அவர் என்ன சொல்வார்? இதை நினைத்தால் எனக்கு என் நுரையீரலைவிட

தண்ணீர் குடித்தேன்.

7

"அளந்துடலாமா?" என்றேன்.

இது நடந்து முடிந்தபின் சொல்கிறேன். அவர் திரும்ப வந்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் எழுந்துபோய் தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்துவந்தார். பென்சில், கெட்டி அட்டை போட்ட ஒரு அகராதி. என்னைப் பிடித்து எழுப்பிக் கதவோரச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். குனிந்து என் குதிகால்களைச் சுவரோடு ஒட்டி வைத்தார். தரை சில்லென்று இருந்தது. கால் விரல்கள் வெளுக்க ஆரம்பித்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

"நிமிரு" என்றார்.

நிமிர்ந்தேன்.

"இன்னும் நிமிரு. நேராப் பாரு. மூச்சை இழு, இழு, இன்னும் இழு. நிமிரு நிமிரு நிமிரு, விடாதே, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!"

கத்தினார். அந்த அறையில் கத்துகிற அதே குரல். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். இந்த மனிதர் என்னை உயரமாக்கப் பார்க்கிறார். நான் உயர உயர அவருடைய எண்தான் பொய்யாகும், அது தெரிந்தும் உயிரைக் கொடுத்துக் கத்துகிறார். பழக்கதோஷமா, குற்ற உணர்ச்சியா, இல்லை, ஒளிக்க ஒன்றும் இல்லாத ஆளின் தைரியமா, எனக்குத் தெரியவில்லை.

என் முழங்கால்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன.

"இதுக்கு மேல வரலைங்க" என்றேன்.

கத்துவது நின்றது. அவர் என் முழங்காலைப் பார்த்தார். உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து பேராவது அவரிடம், "இதுக்கு மேல வரலை சார்" என்பார்கள். யாருக்கு உண்மையாகவே காற்று தீர்ந்துவிட்டது, யார் பாதியை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். இதுவரை ஒரு தடவையும் தப்பியதில்லை. பிடித்து வைத்திருப்பவரிடம், "இன்னும் இருக்கு" என்று சொல்லாமல் அவர் விட்டதும் இல்லை.

என் முகத்தைப் பார்த்தார். சுருக்கமே இல்லாத முகத்தில் எதையும் படிக்க முடியாது. நோயால் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அது.

"இன்னும் இருக்கு" என்று அவர் சொல்லவில்லை.

அகராதியை என் தலையில் வைத்தார். அதன் அடியோரமாகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் காலைச் சுற்றிக் கட்டி, விரல்கள் சிவந்து வரும்வரை தேய்த்துவிட்டார். டேப்பை மேஜைமேல் வைத்தார். கோட்டுக்குக் கீழே அதைப் பிடித்துப் பார்க்கவில்லை.

(முழங்கால் மடங்கியிருந்ததா, மடக்கினாயா? — த.)

நான் உங்களை மூன்று தட்டலைப் பற்றிக் கேட்டேனா? தட்டுங்கள்.

8

இதற்கு மூன்று முடிவு சொல்லி வைத்திருந்தேன். அவர் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்வது ஒன்று. திங்கட்கிழமை போய், ஆறு மாதம் கழித்து நானே இந்தக் கீபோர்டின் முன் உட்கார்ந்து அவரைப் பற்றி இன்னொரு கதை எழுதுவது ஒன்று. மூன்றாவதில் இந்தக் கதையை அவர் தனியாகத் தட்டி முடிக்கிறார், அடைப்புக்குறி இல்லாமல். மூன்றையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே அழித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அலமாரியடியில் பை இருக்கிறது. இரண்டு செட் உடை, கையுறை, காலுறை நாலு ஜோடி. சின்ன ஊதுகுழலையும் ஒரு துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார், நேற்றுத் தேடும்போது கையில் பட்டது.

தாளைத் திருத்துவதா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசப்போவதும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே ஒரு எண் தேவைப்படுகிறது. தட்டுங்கள் என்றால் அவர் தட்டமாட்டேன் என்கிறார். நானும் சொல்லமாட்டேன். இருபது வருடக் குடும்பத்தில் இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் இருந்ததே இல்லை.

நீங்கள் மூன்றாம் மனிதர். உங்களுக்கு என்னைத் தெரியாது, அவரையும் தெரியாது. கோடு கதவோரமாக, சுவிட்சுக்கு இடது பக்கம் இருக்கிறது. டேப் மேஜைமேல் இருக்கிறது. தரையிலிருந்து பிடித்து மேலே கொண்டுபோங்கள். அளக்கும்போது கோட்டை மட்டும் பாருங்கள். என் முழங்காலைப் பார்க்காதீர்கள்.

உயரம்: ............ செ.மீ.